கையெழுத்து இல்லாத தாள்: திருப்பூர்ப் பின்னலாடை உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர்ப் பின்னலாடை உற்பத்தியாளர்கள், ஏற்றுமதியாளர்கள் கவனத்திற்கு,

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் அறிவிப்புப் பலகையில் சென்ற மாதம் ஒரு தாள் ஒட்டப்பட்டது. அடுத்த ஆர்டர் லைனில், அதாவது தையல் மெஷின் வரிசையில், ஏறும் நாளிலிருந்து ஒவ்வொரு டெய்லருக்கும் ஊக்கத்தொகை உண்டா, கூடுதல் நேரமான ஒன்றரை ஷிப்ட் உண்டா, அதற்கடுத்த ஆர்டரில் வேலை உண்டா என்பதெல்லாம் மெஷினில் பொருத்தியிருக்கும் டேப்லெட் காட்டும் எஃபிசியன்சி சதவீதத்தைக் கொண்டே முடிவு செய்யப்படும் என்று அதில் இருந்தது. தொடர்ந்து இரண்டு வாரம் 65 சதவீதத்துக்குக் கீழே இருப்பவரின் அடையாள அட்டை தானாகவே முடக்கப்படும் என்றும் இருந்தது. தாளின் அடியில் யாருடைய கையெழுத்தும் இல்லை. ஒருவருக்குக் கணக்கு தவறாக வந்தால் யாரிடம் முறையிடுவது என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். “சிஸ்டம் காட்டுவதுதான் முடிவு, அதில் நாங்கள் கை வைக்க முடியாது” என்று பதில் வந்தது. மேலே போய்க் கேட்டபோதும் அதே பதில்தான். அவிநாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் பெருமாநல்லூரிலும் வேலை பார்க்கும் தோழிகள் தங்கள் கம்பெனிகளிலும் இதே ஏற்பாடு வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். ஆகவே இதை ஒரு கம்பெனியின் உள்விவகாரமாக வைத்துக்கொள்ளாமல் உங்கள் அனைவருக்குமாக எழுதுகிறேன்.

நான் கைமடியாக இந்தத் தொழிலுக்குள் வந்தவள். ஓவர்லாக் டெய்லர் பக்கத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுத்து, தைத்ததைத் திருப்பி மடித்து அடுக்கி, அந்த இடத்திலிருந்தே தையல் கற்று, ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, இப்போது ஒரு லைனுக்குச் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் அப்பா கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் ரிங் ஃபிரேம் என்னும் நூற்பு மெஷினில் சைடு பார்த்தவர், அதாவது மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொண்டவர். மெஷின் மாறும்போது வேலை எப்படி மாறும் என்பது எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறைப் பேச்சு.

புதிய மெஷின்களை எதிர்த்து இதை எழுதவில்லை. நூலைத் தானே வெட்டிக்கொள்ளும் மெஷின்கள் வந்தபின் பிசிறு வெட்டியே விரல் காய்த்துப்போன பெண்களின் வேலை எளிதானது. கட்டிங் பகுதியில் துணியை அடுக்கி விரித்து, அட்டை வைத்துச் சாக்பீஸால் வரைந்து, கத்தி மெஷினைக் கையால் தள்ளி வெட்டிய காலத்தில் விரலை இழந்தவர்களை எனக்குத் தெரியும்; கம்ப்யூட்டரில் மார்க்கர் என்னும் வெட்டு வரைபடம் போட்டுத் தானாக வெட்டும் மெஷின் அந்த ஆபத்தைப் பெருமளவு போக்கிவிட்டது, துணி வீணாவதும் குறைந்தது. ஆனால் அந்த மாற்றத்தின்போது பழைய கட்டிங் மாஸ்டர்களில் சிலர்தான் கம்ப்யூட்டர் முன் உட்கார வைக்கப்பட்டார்கள். விரித்த துணியைக் கையால் தடவிப் பார்த்தே, இது இன்னும் தளர வேண்டும், இப்போதே வெட்டினால் துவைத்த பின் அளவு குறையும் என்று சொல்லக்கூடிய ஒருவர், இன்று எங்கள் கம்பெனியின் கிடங்கில் துணி ரோல் இறக்கி வைக்கிறார். அவருக்குப் பயிற்சி தரலாமா என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுதான் இன்று தையல் பகுதிக்குள் வேறு வடிவத்தில் வந்திருக்கிறது.

பனியன் துணியைத் தைக்க இன்னமும் மனிதக் கை வேண்டும். பின்னல் துணி இழுபடும். சிங்கிள் ஜெர்சியின் ஓரம் வெட்டியவுடன் சுருண்டுகொள்ளும். இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது எதை எவ்வளவு இழுத்துக் கொடுக்க வேண்டும் என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். இதை எந்திரக் கைகள் இன்னும் முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. ஆகவே டெய்லரை எடுத்துவிட்டு அங்கே எந்திரத்தை வைப்பது பெரும்பாலான வேலைகளில் இயலாது. டெய்லர் அப்படியே இருக்கிறார். அவருடைய ஒவ்வொரு நொடியையும் எண்ணும் கருவி பக்கத்தில் வந்திருக்கிறது. வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாக லைனுக்கு வரும்; ஒரு கட்டுக்குரிய அட்டையை டேப்லெட்டில் காட்டினால் கணக்கு தொடங்குகிறது, அடுத்த கட்டின் அட்டையைக் காட்டினால் முந்தையது முடிகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று திரை நிறம் மாறுகிறது. நாள் முழுவதும் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு தைப்பதுதான் இன்றைய டெய்லர் வேலை.

அந்த சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, வேலை நேரத்தை அளக்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவில் இருக்கும் ஓர் இளைஞரிடம் பாடப் புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்தேன். கையை நீட்டுதல், பிடித்தல், நகர்த்துதல், விடுதல் என்று உடலின் அசைவுகளைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே நேரம் குறித்துவைக்கும் எம்.டி.எம். என்னும் முறை அமெரிக்காவில் 1948இல் வெளியானது. ஒரு மணி நேரத்தை ஒரு லட்சமாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை, அதாவது 0.036 நொடியை, அது அளவுகோலாக வைத்துக்கொண்டது. அதைத் தழுவித் தையலுக்கென்று உருவான முறைகள்தான் இன்று மென்பொருளுக்குள் இருக்கின்றன. ஒரு வேலைக்கு இத்தனை நிமிடம் என்று அது சொல்வதையே நாம் எஸ்.ஏ.எம். என்கிறோம். இந்த அளவீட்டைப் பற்றிய சண்டையும் புதியதன்று. 1911இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில் ஒருவர் நொடிக்கடிகாரத்தோடு வந்து நின்றபோது வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 1915இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ராணுவச் செலவினச் சட்டத்தில் அத்தகைய அளவீட்டுக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்றே நிபந்தனை வைத்தது.

இப்போது எங்கள் லைனில் நடந்த ஒரு கணக்கைப் பாருங்கள். டீ-சர்ட்டுக்குக் கை பொருத்தும் வேலைக்கு எஸ்.ஏ.எம். 0.60 நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். நூறு சதவீதம் என்றால் 800 உருப்படி. ஒரு பெண் அன்று 500 தைத்தார். 500 உருப்படிக்கு 300 நிமிடம். 480 நிமிடத்தில் அது 62.5 சதவீதம். திரை சிவப்பு. ஆனால் அன்று கட்டிங்கிலிருந்து கட்டு வராததால் அவர் 40 நிமிடம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. அந்த 40 நிமிடத்தைக் கழித்தால் 440 நிமிடத்தில் 300, அதாவது 68 சதவீதத்துக்கு மேல். அதே பெண், அதே கை, அதே நாள். ஒரு கணக்கில் அவர் அடுத்த ஆர்டருக்கு வேண்டாதவர். இன்னொரு கணக்கில் அவர் தேறியவர். காத்திருந்த நேரத்தைக் குறிக்க டேப்லெட்டில் ஒரு பொத்தான் உண்டு. முன்பு சூப்பர்வைசர் தன் அட்டையைக் காட்டி அதை அழுத்தலாம். சூப்பர்வைசர்கள் டெய்லர்களுக்குச் சாதகமாக அழுத்துகிறார்கள் என்று சொல்லி அந்த அதிகாரத்தை எடுத்து அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருப்பவர்கள் லைனைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்க்கிறார்கள். கட்டு வந்ததா இல்லையா என்பது அந்தத் திரையில் தெரியாது.

தெரியாதவை இன்னும் பல. வெள்ளைத் துணிக்கும் கறுப்புத் துணிக்கும் ஒரே எஸ்.ஏ.எம்.; ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடும்போது தையல் கண்ணுக்குத் தெரிவதில்லை, மாலை நேரத்தில் இன்னும் மோசம். ஆழ்ந்த சாயம் ஏறிய துணியில் ஊசி இழையை அறுத்து ஓட்டை விழும். ஊசியை மாற்றி, வேகத்தைக் குறைத்துத்தான் தைக்க வேண்டும். லைக்ரா கலந்த ரிப் என்னும் பட்டைத் துணியைக் கழுத்துக்கு ஏற்றும்போது ஒரே சீராக இழுத்துக் கொடுக்காவிட்டால் கழுத்து அலை அலையாக நிற்கும். இத்தனையும் தெரிந்த டெய்லர் நிதானிப்பார். அந்த நிதானத்தால்தான் உங்கள் சரக்கு செக்கிங்கில் திரும்பி வராமல் இருக்கிறது. திரை அந்த நிதானத்தைக் குறையாகக் குறிக்கிறது. வேகமாகத் தைத்து மாற்றுத்தையலுக்குத் திரும்ப வரும் உருப்படி, முதல் முறை தைத்தவரின் கணக்கில் பச்சையாகவே நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதைப் பிரித்துத் தைப்பவரின் நேரமே வீணாகிச் சிவப்பாகிறது. எங்கள் லைனில் பிரித்துத் தைக்கும் வேலை எப்போதும் கைத்திறன் மிக்கவர்களிடம்தான் போகும். ஆக, ஆகச் சிறந்த டெய்லர்களே சதவீதத்தில் பின்தங்கி நிற்கிறார்கள்.

இதைவிட எனக்கு வேதனை தருவது உடலைப் பற்றியது. எங்கள் லைனில் பெண்களே அதிகம். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அயர்ன் ஆவியோடு சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். கேட்டால், “தண்ணி குடிச்சா எந்திரிச்சுப் போகோணுமுங்க அக்கா, போனா மஞ்சளுக்கு வந்துருதுங்க” என்கிறார்கள். மாதவிலக்கு நாளில் இரண்டு முறை எழுந்து போன ஒரு பெண், அதைச் சூப்பர்வைசரான என்னிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டவர், அன்றைய சதவீதம் லைன் முகப்பில் இருக்கும் பெரிய திரையில் பெயரோடு வந்தபோது எல்லார் முன்னும் தலைகுனிந்து நின்றார். எஸ்.ஏ.எம்.மில் சொந்தத் தேவைக்கும் களைப்புக்கும் ஒரு பங்கு நேரம் சேர்க்கப்படுகிறது என்று புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் கணக்கில் அது எவ்வளவு, இந்த வெயிலுக்கும் இந்தக் கூடத்துக்கும் கழிப்பறை இருக்கும் தூரத்துக்கும் ஏற்றதாக அதை நிர்ணயித்தது யார் என்று கேட்டேன். மென்பொருளோடு வந்த அளவுதான் என்றார்கள். நம் கூடத்தை ஒரு நாளும் பார்க்காத ஒருவர் குறித்த அளவு, நம் பெண்கள் எத்தனை முறை தண்ணீர் குடிக்கலாம் என்பதை முடிவு செய்கிறது.

இன்னொன்றையும் நீங்கள் கவனித்தாக வேண்டும். இதில் நஷ்டம் உங்களுக்கும்தான். டெய்லர் கிடைக்கவில்லை என்று நீங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்கிறீர்கள். திருப்பூரில் டெய்லர்கள் எப்படி உருவானார்கள்? நான் உருவானது போலத்தான். கைமடியாக நிற்பவர் சாப்பாட்டு நேரத்தில், டெய்லர் எழுந்து போன மெஷினில் உட்கார்ந்து கழிவுத் துணியில் கோடு போட்டுப் பழகுவார்; கொஞ்ச நாளில் டெய்லரே ஒன்றிரண்டு கட்டைக் கொடுத்துத் தைக்கச் சொல்வார்; தவறினால் தட்டிச் சொல்லிக் கொடுப்பார். காசு வாங்காத, சான்றிதழ் கொடுக்காத அந்தப் பள்ளியில்தான் இந்த ஊரின் தொழில் நின்றது. இப்போது மெஷின் அட்டை காட்டியவருக்கு மட்டும் இயங்குகிறது. பழகுபவர் உட்கார்ந்தால் அந்த நேரம் டெய்லரின் கணக்கில் விழுகிறது. கைமடிக்கு ஆகும் சம்பளம் எஸ்.ஏ.எம்.மில் அடங்காத செலவு என்பதால் பல லைன்களில் கைமடியே இல்லை. நின்று கற்பதற்கு இடமில்லாமல் செய்துவிட்டு, கற்றவர்கள் வரவில்லை என்றால் எப்படி? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் சில வாரப் பயிற்சியில் ஒரே ஒரு வேலையை மட்டும் கற்று உட்காருகிறார்கள். அந்த வேலை இல்லாத ஆர்டர் வந்தால் அவர்களின் சதவீதம் சரிகிறது, ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரையில் வரும் செய்திகள் அவர்களுக்கும் புரியாத, இங்குள்ள பலருக்கும் புரியாத ஆங்கிலத்தில் இருக்கின்றன.

உங்கள் பக்கத்து நெருக்கடியை நான் அறியாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்கின் மீது 50 சதவீத வரி போட்டபோது எங்கள் லைனும் நின்றது. ஆர்டர் இல்லாத வாரத்தில் உங்களைப் போலவே நாங்களும் அடுத்த கப்பலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். பங்களாதேசத்தோடும் வியட்நாமோடும் விலையில் மோத வேண்டியிருக்கிறது, வாங்குபவர்களே நிமிடக் கணக்கில் விலை பேசுகிறார்கள் என்பதும் தெரியும். நிமிடத்தை எண்ண வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. எண்ணியதன் பலனும் பழியும் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதைத்தான் கேட்கிறேன். லைனில் தாமதம் எங்கே வருகிறது என்று இந்தக் கணக்கு நன்றாகவே காட்டும். சரியாகக் குறித்தால் கட்டு வராத நேரம், மெஷின் பழுதான நேரம், நூல் நிறம் தவறி நின்ற நேரம் எல்லாம் அதில் வந்துவிடும். அவற்றுக்காக எந்த மேலாளரின் அட்டையும் முடக்கப்பட்டதில்லை. டெய்லரின் அட்டை மட்டும் முடங்குகிறது.

இந்தக் கேள்விக்கு நம் நாடு ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆலைகளில் புதிய மெஷின்கள் வந்து, ஓர் ஆள் பார்க்க வேண்டிய சைடுகளின் எண்ணிக்கை கூட்டப்பட்ட காலத்தில், 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு முன்மாதிரி உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் வேலையையோ வருமானத்தையோ இழக்கக் கூடாது. நவீனமயத்தால் வரும் ஆதாயம் சமூகத்துக்கும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைப்பளுவை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட வல்லுநர் மதிப்பிட வேண்டும். எத்தனை சைடு பார்க்கலாம் என்பதைப் பற்றி என் அப்பாவின் மில்லில் எத்தனையோ தகராறுகள் நடந்தன. ஆனால் அந்த எண்ணைக் கேள்வி கேட்க முடியாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. மாஸ்டர் வந்து நின்று பார்ப்பார், சங்கத்தார் வந்து நின்று பார்ப்பார், அறுபடும் இழையை எண்ணுவார்கள், பிறகு பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கான இடம்தான் இப்போது இல்லாமல் போயிருக்கிறது.

சட்டத்திலும் அதன் சாயல் உண்டு. சம்பளம் தரும் முறையையோ வேலை நேரத்தையோ மாற்றினாலும், ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்தைக் கொண்டுவந்தாலும் 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் 9அ பிரிவில் சொன்னது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் அந்த முன்னறிவிப்பை வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளியின் மறுபயிற்சிக்காக 15 நாள் சம்பளத்தை முதலாளி செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் ஆட்குறைப்பு என்ற பெயரில் அனுப்பப்படுகிறார்கள்? பீஸ் ரேட்டுக்கும் காண்டிராக்டிலும் இருப்பவரிடம் “அடுத்த ஆர்டருக்குக் கூப்பிடுகிறோம்” என்று சொன்னால் போதும். அட்டை முடங்கிய பெண்ணுக்கு அந்தப் பதினைந்து நாள் சம்பளமும் இல்லை, அவர் நீக்கப்பட்டார் என்பதற்குத் தாளும் இல்லை.

பொதுப் பணமும் இந்த மெஷின்களில் இருக்கிறது. 1999இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்திலும், 2016இலிருந்து 2022 மார்ச் வரை இருந்த அதன் திருத்திய வடிவத்திலும் ஜவுளித் தொழிலுக்கு மத்திய அரசு மானியம் தந்தது. திருத்திய திட்டத்தில் ஆடைத் தயாரிப்புக்கு முதலீட்டில் 15 சதவீதம், 30 கோடி ரூபாய் வரை. அந்த மானியம் வேண்டாம் என்று சொல்பவள் நான் இல்லை, அதனால் இந்த ஊர் வளர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் மெஷின் வாங்கும்போது, அந்த மெஷினுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்கும் உரிமையும் மக்களுக்கு உண்டு என்று மட்டும் சொல்கிறேன்.

நாம் தைக்கும் சட்டை போய்ச் சேரும் ஐரோப்பாவில், 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகளின் 22ஆவது பிரிவு, ஒருவரைப் பெரிதும் பாதிக்கும் முடிவைக் கணினி மட்டுமே தனித்து எடுப்பதற்கு உட்படாதிருக்கும் உரிமையைப் பொதுவாகத் தருகிறது. விதிவிலக்காக அப்படி எடுக்கப்படும் இடங்களிலும் ஒரு மனிதர் தலையிட்டுப் பார்க்க வேண்டும் என்று கோருவதற்கு வழி வைத்திருக்கிறது. அந்தச் சட்டையை அணிபவருக்கு இருக்கும் அந்தப் பாதுகாப்பு, அதைத் தைத்தவருக்கு இல்லை. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான தேவைகளுக்குத் தொழிலாளியின் ஒப்புதல் இல்லாமலே அவருடைய தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஆகவே சட்டம் வந்து காப்பாற்றும் வரை காத்திருக்க முடியாது. இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்களில் பலர் எங்கிருந்து வந்தவர்கள் என்பது ஊருக்குத் தெரியும். தோட்டத்தில் மழை பொய்த்துப்போய், சைக்கிளில் திருப்பூருக்கு வந்து, பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் டெய்லராகவும் வேலை பார்த்து, இரண்டு மெஷின் வாங்கிப்போட்டுத் தொடங்கியவர்கள் உங்கள் சங்கங்களில் இன்னும் இருக்கிறார்கள். கட்டு வராத நேரத்தின் எரிச்சல் அவர்களுக்குத் தெரியும். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் இந்த ஊர் நின்றதும் அவர்களுக்கு நினைவிருக்கும். அந்த வேலைநிறுத்தத்தில் கடைசியில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் தீர்வு வந்தது. இன்றும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தம் பேசுகிறோம். கட்டிங், டெய்லர், அயர்ன், பேக்கிங், செக்கிங், கைமடி என்று வேலை வேலையாகப் பிரித்து எத்தனை சதவீதம் உயர்வு என்று பேரம் நடக்கிறது. ஆனால் சம்பளத்தை உண்மையில் தீர்மானிக்கும் எண் இப்போது அந்த மேசைக்கு வெளியே, ஒரு மென்பொருளுக்குள் போய்விட்டது. ஷிப்ட் சம்பளத்தை ஐந்து சதவீதம் உயர்த்திவிட்டு எஸ்.ஏ.எம்.மை யாருக்கும் தெரியாமல் பத்து சதவீதம் குறைத்தால் ஒப்பந்தத்துக்கு என்ன பொருள்?

எனவே உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, அட்டையைத் தானாக முடக்கும் ஏற்பாட்டை உடனே நிறுத்துங்கள். ஒருவரை வேலையிலிருந்து எடுப்பதாக இருந்தாலும், ஒன்றரை ஷிப்டோ ஊக்கத்தொகையோ மறுப்பதாக இருந்தாலும் அந்த முடிவைப் பெயருள்ள ஓர் அலுவலர் எடுக்க வேண்டும், காரணத்தைத் தமிழிலும் அந்தத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும், ஏழு நாளுக்குள் மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருக்க வேண்டும். அந்த மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த ஒரு டெய்லர் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் எஸ்.ஏ.எம். எவ்வளவு, அதில் களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் சேர்த்த நேரம் எவ்வளவு என்பதை லைன் ஏறும் முன்பே எழுதி ஒட்டுங்கள். துணியின் தன்மைக்கும் நிறத்துக்கும் ஏற்ப அதைத் திருத்தும்போது லைனில் தைப்பவர்களையும் வைத்துக்கொண்டு திருத்துங்கள். 1957இல் ஒப்புக்கொண்டபடி இரு தரப்பும் ஏற்கும் வல்லுநரைக் கொண்டு வேலைப்பளுவை மதிப்பிடுங்கள். அத்தகையவர்கள் கோயம்புத்தூரின் ஜவுளிக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கிறார்கள், தேடி அலைய வேண்டியதில்லை. கட்டு வராத நேரத்தையும் மெஷின் பழுதான நேரத்தையும் குறிக்கும் அதிகாரத்தை லைன் சூப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுங்கள். நாங்கள் தவறாக அழுத்தினால் எங்களைக் கேளுங்கள், பதில் சொல்கிறோம்.

பெயரோடு சதவீதம் காட்டும் பெரிய திரையை அகற்றுங்கள். கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் எழும் நேரத்தைக் கணக்கிலிருந்து முற்றிலும் விலக்குங்கள். சேரும் தரவில் தன்னைப் பற்றியதைப் பார்க்கவும் தவறு இருந்தால் திருத்தக் கேட்கவும் ஒவ்வொருவருக்கும் உரிமை கொடுங்கள். ஒரு கம்பெனியின் சதவீதம் அவர் அடுத்த கம்பெனிக்குப் போகும்போது பின்தொடரக் கூடாது.

ஒவ்வொரு லைனிலும் கைமடிகளுக்கு இடம் வையுங்கள், அவர்கள் பழகுவதற்கென்று நாளில் ஒரு மணி நேரம் எண்ணப்படாத மெஷின் ஒன்றை விடுங்கள், கற்றுக்கொடுக்கும் டெய்லருக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள். கட்டிங்கிலும் செக்கிங்கிலும் மெஷின் வந்ததால் இடம் மாறியவர்களை, கிடங்கில் ரோல் இறக்குபவர்களை, அந்த மெஷின்களை இயக்கவே பயிற்சி கொடுத்துத் திரும்ப அழையுங்கள்.

கடைசியாக, இவை அனைத்தையும் வரும் சம்பள ஒப்பந்தத்தில் தனிப் பிரிவாக எழுதுங்கள். காண்டிராக்டிலும் பீஸ் ரேட்டிலும் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே சொல்லுங்கள். பேச்சுவார்த்தை தொடங்கும் வரை, எங்கள் கம்பெனியில் ஒட்டியிருப்பது போன்ற தாள்களை எல்லாக் கம்பெனிகளிலும் நிறுத்திவைக்குமாறு உங்கள் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை அடுத்த மாதம் முதல் தேதிக்குள் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்.